கைக்குட்டை விற்றவர் கேட்ட கணக்கு

இரண்டு மரக்கோல்கள். ஒரு முனையில் சேர்த்துக் கட்டியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். இடையில் விரல்களை வைத்துத் திறந்த முனையை அழுத்தினால், எலுமிச்சம்பழம் பிழிவது போல விரல் பிழிபடும். கிட்டி என்று அதற்குப் பெயர். அண்ணாந்தாள் என்று இன்னொன்று. கழுத்தில் கயிற்றைப் போட்டுக் காலோடு பிணைத்து, குனிந்த நிலையிலேயே மனிதனை வெயிலில் நிறுத்திவிடுவார்கள். நிமிர முடியாது, உட்கார முடியாது. சில இடங்களில் முதுகின் மேல் ஒரு கல்லும் ஏறும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், சென்னை மாகாணத்தில் கிஸ்தி பாக்கி வைத்த குடியானவனுக்கு இவையெல்லாம் நடந்தன. வரி வசூலிப்பவனும் காவல் செய்பவனும் ஒரே ஆளாக இருந்ததால், அடி வாங்கியவன் முறையிட வேண்டிய இடமும் அடித்தவனின் கச்சேரியாகவே இருந்தது.

1855-ல் கிட்டி, அண்ணாந்தாள் என்ற இந்தத் தமிழ்ச் சொற்கள் ஆங்கிலேய அரசின் அறிக்கையில் அச்சேறின. இரண்டு ஆண்டு கழித்து, 1857 செப்டம்பரில், நியூயார்க் டெய்லி டிரிப்யூன் இதழில் கார்ல் மார்க்ஸ் அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். கச்சேரித் திண்ணையோடு முடிந்திருக்க வேண்டிய அலறல் இவ்வளவு தொலைவு போய்ச் சேர்ந்ததற்குப் பின்னால் பலர் இருந்தார்கள். அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அவுரியும் கைக்குட்டையும் விற்ற ஒரு சென்னை வணிகர், காஜுலு லட்சுமிநரசு செட்டி. பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் அவருக்குச் சில வரிகள் உண்டு. அந்த வரிகளுக்கு அப்பால் அவரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

பேச வேண்டியதற்குக் காரணம் அவர் பட்டியலில் முதலாமவர் என்பது மட்டும் அல்ல. தேர்தல் இல்லை, கட்சி இல்லை, சட்டமன்றத்தில் இந்தியர் ஒருவருக்கும் இடம் இல்லை. அப்படிப்பட்ட காலத்தில் ஓர் ஊரில் அரசியல் என்ற ஒன்று எப்படித் தொடங்குகிறது? அதை ஏன் ஒரு வழக்கறிஞரோ ஜமீன்தாரோ புலவரோ தொடங்காமல் ஒரு வியாபாரி தொடங்கினார்? இந்தக் கேள்விக்கு அவர் வாழ்க்கையைவிட நல்ல விடை சென்னையில் கிடைக்காது.

லட்சுமிநரசு 1806-ல் பிறந்தவர். பலிஜா சமூகத்தவர். தெலுங்கில் காஜுலு என்றால் வளையல். தந்தை சித்துலு செட்டி அவுரி வணிகர். மகன் அந்தத் தொழிலிலேயே இறங்கி, மதராஸ் கைக்குட்டை என்று உலகம் அறிந்திருந்த துணியில் பெரும்பொருள் சேர்த்தார்.

கைக்குட்டை என்றதும் சட்டைப்பையில் மடித்து வைக்கும் துண்டை நினைத்துவிடக் கூடாது. கெஜ அளவுக்குச் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டு நெய்த நீளத் துணி அது. வாங்குபவர் வேண்டிய சதுரத்தை வெட்டிக்கொள்ளலாம், முழுசாகவும் உடுத்தலாம். நீலத்துக்கு அவுரி, சிவப்புக்குச் சாயவேர். சென்னையைச் சுற்றிய ஊர்களிலும் பழவேற்காட்டிலும் வடக்கே ஆந்திரக் கடற்கரையிலும் தறிகள் ஓடின. இந்தோனேசியாவிலும் மலாய் நாட்டிலும் கட்டம் போட்ட லுங்கிக்கு இன்றும் 'பலேகாட்', 'பெலிகாட்' என்றுதான் பெயர். பழவேற்காட்டின் பெயர் துணியோடு கப்பலேறிப் போய் அங்கேயே தங்கிவிட்டது.

மதராஸ் கைக்குட்டையின் பெரிய சந்தை இன்னும் தொலைவில் இருந்தது. லண்டன் வழியாக அது மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போனது. இன்றைய நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இதை 'இஞ்சிரி' என்று அழைத்துப் பிறப்புச் சடங்கிலும் இறப்புச் சடங்கிலும் உடுத்துகிறார்கள். நெய்த நூலிலிருந்து சிலவற்றை நுணுக்கமாக வெட்டி உருவி, சென்னைக் கட்டத்துக்குள் தங்கள் சொந்தக் கோலத்தை வரவழைக்கும் கலையும் அவர்களிடம் உண்டு. லட்சுமிநரசு போன்றவர்கள் விற்ற சரக்கின் கதையில் இருள் பாய்ந்த பக்கமும் இருக்கிறது. சென்னைத் துணி ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளுக்கு மாற்றாகக் கைமாறிய நெடுங்காலம் ஒன்று அவர் தலைமுறைக்கு முன் கடந்திருந்தது. பிரிட்டிஷ் பேரரசின் பெரும்பகுதியில் அடிமை முறை 1834-ல்தான் சட்டப்படி முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகும் துணிக்குக் கிராக்கி குறையவில்லை.

இந்த வியாபாரத்தைச் செய்தவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். நெசவாளிக்கு முன்பணம் கொடுத்துச் சரக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். சாயம் சரியில்லாத துண்டைப் பார்த்ததும் ஒதுக்க வேண்டும். சென்னையில் அன்று துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நிற்கும், மசூலா படகில் அலை தாண்டிச் சரக்கை ஏற்ற வேண்டும். பணம் திரும்பி வரப் பல மாதம் ஆகும். அதுவரை எல்லாம் கடிதத்திலும் பேரேட்டிலும்தான் இருக்கும். லண்டனில் என்ன விலை, அங்கே யாரை நம்பலாம், யாருக்கு எழுதினால் பதில் வரும் என்பதெல்லாம் வணிகரின் அன்றாட அறிவு. ஜமீன்தாருக்கு அந்த அறிவு தேவைப்படவில்லை. கச்சேரி உத்தியோகஸ்தருக்கு அது கிடைக்க வழியில்லை. லட்சுமிநரசு பின்னால் செய்த அரசியலின் கருவிகள் எல்லாம் இந்தக் கடையிலிருந்து எடுத்தவைதான் என்பது இக்கட்டுரையின் எண்ணம்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரசுச் சம்பளம் வாங்குபவர் அரசைக் கேட்க முடியாது. ஆங்கிலம் படித்த சிலரில் பெரும்பாலோர் அந்தச் சம்பளத்தைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்ததே 1857-ல்தான். கைப்பணமும் வெளித்தொடர்பும் இருந்து, கலெக்டர் முகம் சுளித்தால் பிழைப்புப் போகாத மனிதர்கள், இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகரத்து வணிகர்கள் மட்டுமே.

அவர்களில் பலரும் செல்வத்தைத் தருமத்துக்குக் கொடுத்தார்கள். 1794-ல் இறந்த துபாஷி பச்சையப்ப முதலியார் கோயில்களுக்கும் அறங்களுக்கும் எழுதி வைத்த சொத்து வழக்கு மன்றத்தில் பல்லாண்டு கிடந்து, கடைசியில் அவர் பெயரால் 1842-ல் பள்ளியாக எழுந்தது. அது பெரிய கொடை. ஆனால் கொடை பழைய வழி. லட்சுமிநரசு தம் பணத்தை வேறொன்றில் போட்டார்.

1844 அக்டோபர் 2 அன்று 'கிரசென்ட்' என்ற ஆங்கில இதழின் முதல் எண் வெளிவந்தது. பிறைநிலா என்று பொருள். பணம் லட்சுமிநரசுவுடையது. ஆசிரியர் எட்வர்ட் ஹார்லி என்ற ஆங்கிலேயர். இந்துக்களின் நிலையை மேம்படுத்துவதே நோக்கம் என்று இதழ் அறிவித்தது. அரசு அதை முதல் நாளிலிருந்தே கோணல் பார்வை பார்த்தது. இதழ் வெளிவருவதைச் சொல்லும் விளம்பரத்தைக்கூட அரசிதழான புனித ஜார்ஜ் கோட்டைக் கெசட்டில் போட மறுத்துவிட்டார்கள். காசு கொடுத்துப் போடும் விளம்பரத்துக்கே அந்த நிலை.

ஏன் ஆங்கிலத்தில்? தமிழிலோ தெலுங்கிலோ நடத்தியிருந்தால் ஊர் படித்திருக்கும். அவருக்கோ ஊரைவிடக் கோட்டையும் லண்டனும் படிக்க வேண்டியிருந்தது. குறை கேட்க வேண்டிய காது எந்த மொழியில் கேட்குமோ அந்த மொழியில் எழுதுவது என்பது வணிகரின் முடிவு. அதற்கு விலையும் உண்டு. யாருக்காகப் பேசினாரோ அந்தக் குடியானவன் அந்த இதழை ஒருநாளும் படித்திருக்க முடியாது. சென்னையின் அரசியல் பேச்சு பல பத்தாண்டுகள் ஆங்கிலத்திலேயே நடந்ததற்கு விதை இங்கேதான் விழுந்தது.

இதழ் தொடங்கிய காலத்தில் சென்னை கொதித்துக்கொண்டிருந்தது. கொதிப்பின் காரணம் மதம். ஆளுநர் ட்வீடேல் பிரபுவின் ஆட்சியில் மிஷனரிகளுக்குச் சலுகை கூடுதல் என்ற மனக்குறை எங்கும் இருந்தது. திருநெல்வேலியில் மதமாற்றத்தை எதிர்த்து விபூதி சங்கத்தார் கிளம்பினார்கள், 1845-ல் அங்கே கலகம் வெடித்தது. சென்னையில் சதுர்வேத சித்தாந்த சபை இயங்கியது. கலக வழக்குகளை அரசு கையாண்ட விதத்தைக் கண்டித்த சதர் நீதிமன்ற நீதிபதி மால்கம் லெவின் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். 1846-ல் ட்வீடேல் அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடமாக வைக்கப் பரிந்துரைத்தார்.

அந்த ஆண்டு அக்டோபரில் சென்னையில் ஒரு பொதுக்கூட்டம் கூடியது. லட்சுமிநரசு தலைமை. எதிர்ப்பு மகஜர் எழுதப்பட்டுக் கையொப்பங்களோடு லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களுக்குப் போனது. மறு ஆண்டு இயக்குநர்கள் ஆளுநரின் பரிந்துரையைத் தள்ளிவிட்டார்கள். அந்த முடிவுக்கு மகஜர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கம்பெனிக்கு மத விஷயத்தில் எப்போதும் பயம் உண்டு. ஆனாலும் சென்னை மக்கள் முதல் தடவையாக ஒரு பாடம் கற்றார்கள்: கோட்டைக்கு மேலே இன்னொரு கோட்டை இருக்கிறது, அங்கே எழுதினால் ஆளுநரின் கையையும் கட்டலாம்.

இந்த மத அரசியலில் இன்றைய வாசகருக்கு இடறும் ஒரு பகுதி இருக்கிறது. 1850-ல் வந்த ஒரு சட்டம், மதம் மாறியவருக்கும் சாதியிலிருந்து விலக்கப்பட்டவருக்கும் பரம்பரைச் சொத்தில் பங்கு உண்டு என்றது. அதைச் சென்னையின் இந்துப் பிரமுகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். லட்சுமிநரசுவின் வட்டமும் அதே பக்கம்தான். மனச்சாட்சிப்படி மதம் மாறிய ஒருவன் தெருவில் நிற்க வேண்டியதில்லை என்ற சட்டத்தை எதிர்த்தது நியாயம் என்று இன்று எழுத முடியாது. கிட்டிக்கு எதிராக நின்ற அதே மனிதர்தான் இதிலும் நின்றார். இரண்டையும் சேர்த்தே அவரைப் பார்க்க வேண்டும். ஒன்றை மறைத்தால் மற்றொன்றும் பொய்யாகிவிடும்.

1852-க்கு வருவோம். கம்பெனியின் சாசனம் 20 ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் புதுப்பிக்கப்படும். 1833 சாசனத்தின் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கல்கத்தாவில் 1851-ல் பிரிட்டிஷ் இந்தியச் சங்கம் பிறந்தது. சென்னையிலும் கிளை வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். 1852 பிப்ரவரியில் லட்சுமிநரசு, ஹார்லி, சீனிவாசப் பிள்ளை ஆகியோர் முயற்சியில் சென்னைவாசிகள் சங்கம் உருவானது. உறுப்பினர்களில் வணிகரே மிகுதி. சில மாதத்திலேயே அது கல்கத்தாவின் கிளையாக இருக்க மறுத்துத் தனியே நின்றது. வங்கத்தில் இருந்தது ஜமீன்தாரி முறை, அந்தச் சங்கத்தை நடத்தியவர்களும் ஜமீன்தார்கள். சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் இருந்ததோ ரயத்துவாரி. அரசுக்கும் குடியானவனுக்கும் இடையில் யாரும் கிடையாது. அதனால் அரசின் கை நேராக அவன் கழுத்தில் இருந்தது. கல்கத்தாவின் குறைப் பட்டியலுக்குள் சென்னையின் குறை அடங்காது.

1852 முடிவில் சங்கத்தின் மகஜர் தயாராகி மறு ஆண்டு நாடாளுமன்றம் போய்ச் சேர்ந்தது. அது வெறும் முறையீடாக இல்லாமல் ஒரு மாகாணத்தின் ஐந்தொகை போல இருந்தது. நிலவரி தாங்க முடியாத அளவில் இருப்பது, அதை வசூலிக்க நடக்கும் வதை, நீதிமன்றத்தின் செலவும் தாமதமும், போடாத சாலைகள், பழுதான பாசன வேலைகள், கல்விக்கு ஒதுக்கிய சொற்பப் பணம், உப்பின் விலை என்று வரிசை நீண்டது. அதில் மொகதர்பா என்ற தொழில் வரியும் இருந்தது. தறி வைத்திருந்தால் வரி, கடை வைத்திருந்தால் வரி, கையில் உளியும் இழைப்புளியும் இருந்தால் அதற்கும் வரி. லங்காஷயர் துணி வந்து குவிந்த காலத்தில் உள்ளூர் நெசவாளியின் தறி மேல் அரசு வரி போட்டுக்கொண்டிருந்தது. தறிக்காரனிடம் முன்பணம் கொடுத்துச் சரக்கு வாங்கிய வணிகருக்கு அது காதால் கேட்ட செய்தி அல்ல, பேரேட்டில் பார்த்த இழப்பு.

சாசனம் 1853-ல் புதுப்பிக்கப்பட்டது. சென்னை கேட்டதில் ஏறக்குறைய எதுவும் அதில் இல்லை.

மகஜர் எழுதிய பலர் அதோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். லட்சுமிநரசு சரக்கை அனுப்பிவிட்டு வாங்குபவர் என்ன சொல்கிறார் என்று காத்திருந்து, திரும்ப எழுதிப் பழகியவர். லண்டனில் 1853-ல் இந்தியச் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது. ஜான் பிரைட் போன்ற தாராளவாதிகள் அதில் இருந்தார்கள். தலைவர் ஹென்றி டான்பி செமூர், நாடாளுமன்ற உறுப்பினர். செமூர் நேரில் பார்க்க இந்தியா வந்தார், சென்னை மாகாணத்துக்கும் வந்தார். லட்சுமிநரசு அவரை அழைத்துக்கொண்டு மாவட்டங்களில் சுற்றினார். ரயில் இல்லாத காலம். ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது 1856 ஜூலை 1 அன்றுதான். சாலைகளின் லட்சணம் மகஜரிலேயே எழுதியிருந்தது. போன இடங்களில் குடியானவர்கள் தங்கள் உடம்பைக் காட்டினார்கள், கிட்டியையும் காட்டினார்கள்.

சென்னையின் பொதுவாழ்வில் இதற்கு முன் இப்படி ஒன்று நடந்ததில்லை. தருமம் செய்த செல்வர்கள் உண்டு, கோயில் கட்டியவர்கள் உண்டு. சட்டம் இயற்றும் ஒருவரைக் கைப்பிடித்துக் கிராமத்துக்குக் கூட்டிப்போய், கண்ணால் பாருங்கள் என்று நிறுத்தியவர் இல்லை. சந்தேகப்படும் வாங்குநரைத் தறிவாசலுக்கே கூட்டிப்போவது போன்ற காரியம் இது.

1854 ஜூலையில் சென்னை நிலவரி பற்றிய தீர்மானம் ஒன்றை பிளாக்கெட் என்ற உறுப்பினர் காமன்ஸ் சபையில் கொண்டுவந்தார். வதை பற்றிய பேச்சு எழுந்தது. இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய கம்பெனிக்காரர்கள், இத்தனை ஆண்டில் நாங்கள் கேள்விப்படவே இல்லையே என்றார்கள். செமூர் தாம் நேரில் அறிந்ததைச் சொன்னார். மறுத்தவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, விசாரணைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னை அரசு மூவர் குழுவை அமைத்தது: சென்னையின் தலைமை மாஜிஸ்திரேட் எட்வர்ட் எலியட், சிவில் உத்தியோகஸ்தர் ஹென்றி ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன். இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையை எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்று சொல்லும் பழைய சென்னைவாசிகள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எலியட் இவர்தான்.

முறையீடு தர மூன்று மாதம் கொடுத்தார்கள். உட்கிராமத்தில் இருப்பவனுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவே பல வாரம் ஆகும். வரிப் பாக்கிக்காரன் ஊரைவிட்டுக் கிளம்பினால் தலையாரிக்குத் தெரிந்துவிடும். திரும்பிப் போய் அதே மணியக்காரரிடம்தான் வாழ வேண்டும். அப்படியிருந்தும் 519 பேர் நேரில் வந்தார்கள். 1,440 முறையீடுகள் கடிதமாக வந்தன. மொத்தம் 1,959. பலர் நாள்கணக்கில் நடந்து வந்தவர்கள். இந்த எண்ணை வெறும் புள்ளியாகக் கடந்துவிடக் கூடாது. மாகாணத்து மக்கள் அரசுக்கு எதிராக, அரசின் முன்னிலையிலேயே, ஒருவர் பின் ஒருவராக வந்து சாட்சி சொன்ன முதல் பெரிய நிகழ்ச்சி அது.

1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. வரி வசூலுக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் வதை பரவலாக நடக்கிறது என்று அது ஒப்புக்கொண்டது. வகைகளையும் பட்டியல் போட்டது. கிட்டி, அண்ணாந்தாள் தவிர, குடுமியைக் கழுதை வாலிலோ எருமை வாலிலோ கட்டுவது, கண்ணில் மிளகாய்ப்பொடி, சோறு தண்ணீர் கொடுக்காமல் வைப்பது, உறங்கவிடாமல் நிறுத்துவது. ஆனால் பழியை முழுக்க இந்தியச் சிப்பந்திகள் தலையில் வைத்தது. ஐரோப்பிய அதிகாரிகள் இதற்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பு எழுதியது. வசூல் குறைந்தால் தாசில்தாரை யார் கேட்பார்கள்? கலெக்டர். கலெக்டரை? ரெவின்யூ போர்டு. மேலிருந்து இறங்கிய நெருக்கடி கடைசியில் விரல்களில் முடிந்தது. கிட்டியைப் பிடித்த கை இந்தியக் கைதான். பணம் போய்ச் சேர்ந்த பெட்டி வேறு. மார்க்ஸ் தம் கட்டுரையில் அறிக்கையின் இந்தப் பூச்சைத்தான் சுரண்டிக் காட்டினார்.

அறிக்கையால் விளைந்த பெரிய மாற்றம் காவல்துறையில் வந்தது. 1816 முதல் வரியும் காவலும் ஒரே கையில் இருந்தன. 1859-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் பிரித்து, சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல்துறையை ஏற்படுத்தியது. மொகதர்பா வரி 1860-களின் தொடக்கத்தில் ஒழிந்தது. வதை அன்றோடு அற்றுப்போகவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அது சட்டத்தின் நிழலில் நடக்கும் வழக்கமான காரியம் என்ற நிலை போனது. வரி கட்டாதவனைக் கட்டிவைத்து அடிக்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்று எந்தத் தாசில்தாரும் பிறகு நினைத்துக்கொள்ள முடியவில்லை.

சங்கம் அடுத்து இன்னும் ஒரு படி போனது. இந்தியாவின் ஆட்சியைக் கம்பெனியிடமிருந்து எடுத்து அரசியாரே நேராக நடத்த வேண்டும் என்று 14,000 கையொப்பங்களோடு நாடாளுமன்றத்துக்கு மகஜர் அனுப்பியது. இது 1857 கிளர்ச்சிக்கு முன். வணிக நிறுவனம் ஒன்று நாட்டை ஆளக் கூடாது என்று ஒரு வணிகர் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். கம்பெனியின் வணிக உரிமைகள் 1833-லேயே போய்விட்டன. மிச்சமிருந்தது பங்குதாரருக்கு ஈவுத்தொகை கொடுப்பதும் நாட்டை ஆள்வதும். முதல் காரியத்துக்கு இரண்டாவது காரியம் கருவியாக இருக்கும்வரை கிஸ்தி குறையாது என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும். 1858-ல் கம்பெனி ஆட்சி முடிந்தது. கிளர்ச்சியின் ரத்தம் அதற்குக் காரணம், சென்னையின் மகஜர் அல்ல. ஆட்சி கைமாறியதும் குடியானவனின் சுமை இறங்கிவிடவில்லை என்பதையும் அவர் உயிரோடு இருந்து பார்த்தார்.

இதற்குள் சங்கம் தளர்ந்துவிட்டது. சீனிவாசப் பிள்ளை சமூகச் சீர்திருத்தத்தில் நாட்டம் கொண்டு விலகித் தனி வழி போனார். கோட்டையோடு மோதுவதில் பலருக்கு அலுப்பு வந்தது. மதத்தைப் பற்றிய பயத்தால் சேர்ந்தவர்களுக்கு, விக்டோரியா அரசியாரின் 1858 அறிக்கை மத விஷயத்தில் தலையிடமாட்டோம் என்றதும் சேர்ந்திருக்கக் காரணம் இல்லாமல் போயிற்று. 1862 வாக்கில் சங்கம் செயலற்றுப் போனது. சந்தா கொடுக்கப் பலர் இருந்தும், தோள் கொடுக்க ஒருவரே இருந்த அமைப்பு அது. இந்த நோய் சென்னையின் பிற்காலச் சங்கங்களையும் விடவில்லை.

அரசு அவரிடம் நடந்துகொண்ட விதமும் மாறியது. விளம்பரம் போட மறுத்த அதே அரசு சி.எஸ்.ஐ. (இந்திய நட்சத்திரத் தோழர்) பட்டம் கொடுத்தது. 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னைக்குச் சட்டசபை வந்தபோது, அதில் இடம்பெற்ற முதல் இந்தியர் வழக்கறிஞர் வி. சடகோபாச்சாரியார். அவர் 1863-ல் மறைய, அந்த இடத்துக்கு லட்சுமிநரசு நியமிக்கப்பட்டார். நியமனம்தான், தேர்தல் இல்லை. கேள்வி கேட்கவும் அந்தச் சபையில் உரிமை இல்லை, வருகிற மசோதாவைப் பற்றிப் பேசலாம், அவ்வளவே. 20 ஆண்டு வெளியே நின்று கேட்டவருக்கு உள்ளே ஒரு நாற்காலி கிடைத்தது, கேட்கும் வழி மட்டும் கிடைக்கவில்லை.

வணிகர் ஒருவர் வாக்கு வாங்கிப் பொதுப் பதவிக்கு வர அதற்குப் பின் பல ஆண்டுகள் ஆயின. சென்னை நகராட்சியில் தேர்தல் வைக்க வழி செய்தது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த வழியில் வந்தவர்களில் பெரியவர் பிட்டி தியாகராயர். 1852-ல், சங்கம் பிறந்த அதே ஆண்டில் பிறந்தவர். அவரும் நெசவோடு தொடர்புடைய தொழிலதிபர், விசைநாடாத் தறிகளை வைத்துத் துணி நெய்தவர், தோல் வணிகமும் உப்பளமும் இருந்தன. 1882 தொடங்கி 40 ஆண்டு மாநகராட்சியில் இருந்து, அதிகாரி அல்லாத முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஆனார். 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடும் திட்டத்தை அவர் தலைமையிலான மன்றம் ஏற்றபோது, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கும் போட்டது. அதே ஆண்டு முதலமைச்சர் பதவி தேடி வந்ததையும் அவர் ஏற்கவில்லை.

இந்த இருவரையும் அருகருகே வைத்தால் 70 ஆண்டில் நடந்தது தெரிகிறது. லட்சுமிநரசுவுக்குத் தம் பணத்தைத் தவிர வேறு ஆயுதம் இல்லை. தாமே இதழ் நடத்த வேண்டும், தாமே விருந்தாளியை ஊர் சுற்றிக் காட்ட வேண்டும், கடல் கடந்த ஒரு சபையின் தயவை நம்ப வேண்டும். தியாகராயருக்கு வாக்காளர் இருந்தார்கள், மன்றம் இருந்தது, செலவழிக்க நகர வரிப் பணம் இருந்தது. முன்னவர் அரசிடம் கணக்குக் கேட்டார். பின்னவர் கையிலேயே கணக்குப் புத்தகம் இருந்தது. இடையில் 1878-ல் 'தி இந்து'வும் 1884-ல் சென்னை மகாஜன சபையும் வந்திருந்தன. அந்தச் சபையை நடத்தியவர்களில் வழக்கறிஞரும் பத்திரிகையாளரும் முன்னே நின்றார்கள், வணிகர் புரவலராகப் பின்னே போனார். கடையிலிருந்து அரசியல் நீதிமன்றத்துக்கு இடம் மாறிவிட்டது.

லட்சுமிநரசு 1868-ல் இறந்தார். அதற்குள் கைக்குட்டையில் சேர்த்த செல்வம் பெரும்பாலும் கரைந்திருந்தது. இதழில் கரைந்தது, சங்கத்தில் கரைந்தது, மகஜர்களிலும் பயணங்களிலும் கரைந்தது. வணிகர் குடும்பத்தில் இது சாதாரணமாகப் பேசப்படும் விஷயம் அல்ல. முதலைக் கரைத்தவரை அங்கே யாரும் பெருமையாகச் சொல்ல மாட்டார்கள்.

ஏறக்குறைய 30 ஆண்டு கழித்து, தென்னிந்தியப் பெரியோர்களைப் பற்றிய தம் ஆங்கில நூலில் ஜி. பரமேஸ்வரன் பிள்ளை இவருக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். பிள்ளை மெட்ராஸ் ஸ்டாண்டர்ட் இதழின் ஆசிரியர். 1896-ல் தென்னாப்பிரிக்க இந்தியர் குறையைச் சொல்ல மூட்டை நிறையத் துண்டறிக்கையோடு சென்னை வந்த இளம் வழக்கறிஞர் காந்திக்குத் தம் இதழின் பக்கங்களைத் தாராளமாகத் திறந்துவிட்டவர். எங்கோ தொலைவில் நடக்கும் கொடுமைக்குச் சாட்சியம் திரட்டிக் கேட்கும் காதுள்ள இடத்தில் கொண்டுபோய் வைப்பது அதற்குள் சென்னைக்குப் பழகிய வேலையாகியிருந்தது. 1850-களில் அந்த வேலைக்கு முன்மாதிரி ஒன்றும் கிடையாது.

கரீபியக் கடலின் டொமினிக்காவிலும் செயின்ட் லூசியாவிலும் விழா நாட்களில் பெண்கள் கட்டம் போட்ட துணியில் தலைக்கட்டுக் கட்டி, அதே துணியில் பாவாடை உடுத்தி வருகிறார்கள். அந்த நாடுகளின் தேசிய உடை அது. மஞ்சளும் சிவப்பும் நீலமும் குறுக்கே ஓடும் அந்தத் துணிக்கு அங்கே ஒரே பெயர்தான். மதராஸ் என்கிறார்கள்.